பதிவில் இல்லாத மெஷின்கள்

இன்று மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேத் பட்டறைக்குள் கால் வைத்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. சூடான இரும்பும் எண்ணெயும் கலந்தது. உன் துப்பட்டாவில் எப்போதும் ஒட்டியிருக்குமே, அதேதான். "செண்ட் எதுக்குட்டி, இதே போதும்" என்பாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விட்டாய். பாவி, இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவாய்?

நாம் இருவரும் சிவில் படித்த சொத்து மதிப்பீட்டாளர்கள். தேர்வெழுதி வாங்கிய பதிவு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் நீ தொழிற்சாலையில் மெஷின் வாங்கும் பிரிவில் இருந்தவள். எது என்ன விலை போகும் என்பது உனக்கு அத்துப்படி.

அன்றொரு நாள், பேங்க் லோனுக்காகப் பக்கத்துத் தெருப் பட்டறையை நாம் அளந்து முடித்தபோது அதன் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மெஷினையும் ஒரு லைன் சேத்து எழுதிடுங்க மேடம். இந்தத் தகரக் கூரைக்கு என்னா மதிப்பு வரப்போவுது? லோன் வரலன்னா பட்டறைய மூட வேண்டியதுதான்."

"அண்ணாச்சி, மெஷினுக்கு வேற பதிவு வேணும். என்கிட்ட அது இல்ல" என்றாய்.

அவர் முகம் செத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை வாசலுக்கு இழுத்து வந்தேன்.

"உனக்குத் தெரியாத விலையாடி? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்ற கதையா இருக்குது!"

"தெரியும்ட்டி. தெரிஞ்சதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுற முடியுமா? செல்லாதுன்னு பேங்க்ல திருப்பி அனுப்பினா, அந்த மனுசன் எங்க போவாரு?"

வண்டிச் சாவியை எடுப்பாய் என்று நினைத்தேன். நீயோ உள்ளே போய் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, டீ கேட்டுவிட்டு, போனை எடுத்தாய். மெஷின் மதிப்பிடப் பதிவு உள்ளவர் யாரென்று தேடித் தேடி அழைத்தாய். சேலத்துக்காரர் அடுத்த வாரம் என்றார். பெங்களூருக்காரரிடம் தமிழும் கன்னடமும் கலந்து ஒரு சண்டையே போட்டாய். மத்தியானம் அவர் மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வந்து இறங்கும்வரை நீ நகரவில்லை. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். லோன் வந்தது. அந்தப் பட்டறை இன்னும் ஓடுகிறது, வரும் வழியில் பார்த்தேன்.

இன்றைய பட்டறைக்காரரும் அதையேதான் கேட்டார். "முடியாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். விதிப்படி என் வேலை அத்தோடு முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். கால் நகரவில்லையடி. அங்கேயே உட்கார்ந்து போன் போட்டேன். இரண்டு பேர் வர முடியாது என்றார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பக்கத்தில் நீ இல்லையே என்று. மூன்றாவது ஆள் நாளைக் காலை வருகிறார். நானும் காலையிலேயே போய், அவர் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பட்டறையில்தான் இருப்பேன்.