மேல் அலமாரியைக் காட்டிய கை

இன்று கடையில், கேமராப் படம் பதிகிற புது டிஸ்க் ஒன்றின் உறையைப் பிரித்தேன். அந்தப் பிளாஸ்டிக் வாசம் மூக்கில் ஏறியதும் டிஸ்க்கைக் கீழே வைத்துவிட்டேன். உன் ரத்த வாடையும் அதோடு சேர்ந்தேதான் வருகிறது எனக்கு.

நாம் கூட்டாக நடத்திய இந்தக் கேமராக் கடைக்கு நான்கு டிஸ்க் மாட்டிய நாள் நினைவிருக்கிறதா? கேமராப் படத்தை இரண்டு பாதியாக்கி எழுத வேண்டும், ஒவ்வொரு பாதிக்கும் ஒரு நகல் வேண்டும். ஒரு பாதியையும் அதன் நகலையும் ஒரே பெட்டியில் செருகப் போனேன். கையைத் தட்டிவிட்டாய்.

“ஏலே, பகை உள்ள வீட்டுல அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில போவாங்களாலே? பிரிச்சு வை.”

உன் அப்பாவும் சித்தப்பாவும் கல்யாண வீட்டுக்குக்கூட வேறு வேறு பஸ்ஸில் போனவர்கள். அப்படியே ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை மேல் அலமாரியில் வைத்தோம், மற்றதை மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரோடு வைத்தோம். மேலே ஒரு முழுப் படம், கீழே ஒரு முழுப் படம்.

பிறகு, ஆற்றுமணல் திருடி வந்த லாரி நம் வாசலில் தபால்காரரை அரைத்துவிட்டு நிற்காமல் போனது. கேமராவில் விழுந்துவிட்டது. லாரிக்காரன் நேரில் வந்தான்.

“அந்தப் படத்தை அழிச்சிரும்வே.”

“செத்தது மனுசன்வே. அழிக்க மாட்டேன்” என்றாய் நீ.

மறுநாள் பட்டப்பகலில், நான் திசையன்விளையில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தபோது, அவன் ஆட்கள் மூன்று பேர் அரிவாளோடு கடைக்குள் புகுந்தார்கள். உன் தோளில் வெட்டினார்கள், வயிற்றில் வெட்டினார்கள். “எதுலலே இருக்கு?” என்று கேட்டார்கள். தரையில் கிடந்த நீ கையைத் தூக்கி மேல் அலமாரியைக் காட்டினாய். அங்கிருந்த இரண்டு டிஸ்க்கையும் கொத்திப் போட்டார்கள். போகும்போது உன் கழுத்தையும் வெட்டினார்கள், படுபாவிகள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கடைக்குள் இருந்த கேமராவின் படத்தில் நானே பார்த்தேன். மேலே இரண்டும் நொறுங்கிய பிறகும் கீழே இருந்த இரண்டும் நிற்காமல் எழுதிக்கொண்டே இருந்தன. லாரியும் முழுதாக இருந்தது, உன் சாவும் முழுதாக இருந்தது. அதை வைத்துத்தான் அவர்களையும் லாரிக்காரனையும் பிடித்தார்கள்.

வழக்கு நடக்கிறது. நானே அவர்களை வெட்டிச் சாய்க்க வேண்டும் என்ற வெறி இன்னும் அடங்கவில்லை. கோர்ட்டில் படம் ஓடியதிலிருந்து ஊரில் ஒரு பேச்சு. “பயந்துபோயி காட்டிக் கொடுத்துட்டான், பாவம்” என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அடித்தேன். நாலு பேர் வந்து இழுத்துப் பிரித்தார்கள்.

எல்லாரும் உன் கையைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் மேலே கொத்திக்கொண்டிருந்தபோது நீ தலையைப் பையத் திருப்பினாய். மேசைக்கு அடியில் டிஸ்க்கின் சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்தாய். எரிந்துகொண்டிருந்தது. அப்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதைத்தான்லே நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.