கதவுக்கு மேலிருந்த ஓலைச் சிலுவை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன ஜீப் சாவி ஆணியிலேயே தொங்குகிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வாரம் கோயில் உபதேசியார், சாம்பல் புதனுக்கு எரிக்கப் பழைய குருத்தோலை கேட்டு வந்தார். "இன்னாம்மா, உங்க வூட்ல ஓல இல்லியா?"

"இல்லீங்க" என்று பொய் சொன்னேன். போன குருத்தோலை ஞாயிறன்று பாப்பா மடித்த சிலுவை கதவுக்கு மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தச் சிலுவையோடு நான் சண்டைதான் போட்டேன். ஏழு மாதமாக ஜெபமே வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை நானே அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கோயிலில் நெருப்பில் போட்டேன். மறுநாள் பூசையில் ஃபாதர் சாம்பல் பூசினார். அவள் மடித்த ஓலை என் நெற்றியில் இருக்கிறது என்று நினைத்தேன். அழுகை வந்தது, கூடவே ஜெபமும் வந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று மழையில் மரம் விழுந்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேராமல் ஜீப் நின்றது உங்கள் குற்றமில்லை. கடவுளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

குருத்தோலை ஞாயிறு வருகிறது. எனக்குச் சிலுவை மடிக்கத் தெரியாது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா