உன் பெட்டிக்கு ஏன் கொடி போர்த்தவில்லை

என் பிரியமான தம்பிக்கு,

உன்னைப் புதைத்த மண் இன்னும் இறுகவில்லை. அதற்குள் அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டான் என்று நினைக்காதே. உன் பெட்டியின் மேல் உன் தனிநாட்டின் நீலக் கொடியைப் போர்த்தச் சொல்லியிருந்தாய். போர்த்த விடாதவன் நான்தான். காரணத்தை உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ உய்கர், நான் யாழ்ப்பாணத்தான். சீனாவின் மேற்குக் கோடியில் தனிநாடு வேண்டும் என்று நின்றவன் நீ. இலங்கையின் வடக்கில் அதையே கேட்டுத் தோற்றவர்களில் ஒருவன் நான். கிழக்கு லண்டனில் பாண் சுடும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நம்மைச் சேர்த்து வைத்தது வேறென்ன? நாம் பேசியது அரைகுறை ஆங்கிலம். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

காபூலில் அரசு விழுந்த வாரம் நீ இனிப்புப் பெட்டியோடு வந்தாய்.

"அண்ணை, இனிப் பாருங்கோ. சீனாவோட எல்லை உள்ள நாடு. எங்களை மாதிரித் தொழுகிற ஆக்கள். எங்கடை பெடியளுக்குக் கால் ஊன்ற ஒரு இடம் கிடைச்சிட்டுது."

நான் இனிப்பைத் தொடவில்லை. "விசரா, அந்த நாடே பட்டினியில கிடக்குது. ரோட்டும் சுரங்கமும் போட்டுத் தாறன் எண்டு ஆர் வாறானோ, அவன்ர சொல்லைத்தான் கேக்கும். அதுக்கு விலையா உங்களைத்தான் குடுக்கும்."

"நீங்கள் தோத்த ஆக்கள், அண்ணை. உங்களுக்கு எல்லாம் தோல்வியாத்தான் தெரியும்."

அது சுட்டது. இப்போதும் சுடுகிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் எங்கள் பெடியளுக்குப் பயிற்சி கொடுத்த அயல்நாடே பிறகு பட்டாளத்தோடு வந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவன். அயல்வீடு குழம்பினால் நமக்கு வழி திறந்தது என்று ஏன்தான் நம்புகிறோமோ? எல்லை மலையில் துவக்கோடு நின்ற உங்கள் பெடியள் சிலரைக் காட்டித்தான் சீன அரசு உன் ஊரில் நோன்பு பிடித்தவனையும் வெளிநாட்டுக்குப் போன் எடுத்தவனையும் உள்ளே போட்டது. அந்தச் சிலரையும் காபூலின் புதிய ஆட்சி எல்லையிலிருந்து தள்ளி அனுப்பியதாகச் செய்தி வந்தது. கடைசியில் அகப்பட்டு நிற்பது துவக்கையே தொடாத, உன் கூடப்பிறந்த தம்பி. காபூலில் துணிக்கடை வைத்திருந்தவன், அரசியல் பேசாதவன். அவனுடைய அடையாள அட்டையில் 'சீன அகதி' என்று எழுதியிருக்கிறது.

உன் அடக்கத்துக்கு உன் இயக்கப் பெடியள் கொடியும் போனுமாக வந்தார்கள், லைவ் போட. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் செத்தவீடுகளிலும் கமரா முதலில் வரும், ஐயர் பிறகுதான் வருவார். ஆனால் முதல்நாள் உன் தம்பி உன் மகளுக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தான். அண்ணாவின் பெட்டி கொடியோடு வெளியே வந்தால், நான் யாருடைய தம்பி என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும், எங்களைச் சீனாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றான்.

நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அங்கிள், இது அவற்ர கடைசி ஆசை," என்றான் ஒருவன்.

"தெரியும்."

"நீங்கள் எங்கடை ஆளே இல்லை."

"ஓம், இல்லை. போனைக் கீழ வை."

உன் மகள் வந்து கொடியை வாங்கி மடித்தாள். "அப்பா என்னை மன்னிப்பாரோ, அங்கிள்?"

"மாட்டார். கோபத்தை என்னோட வைச்சுக்கொள்ளச் சொல்லு, பிள்ளை."

நம்மோடு வேலை செய்த என் ஊர்க்காரர் ஒருவர், அடக்கம் முடிந்து பஸ்ஸில் ஏறியும் என்னை விடவில்லை. "எங்கடை பிரச்சினையே முடியேல்லை, நீர் சீனாவோட மல்லுக்கட்டப் போறீர்." நான் மல்லுக்கட்டியது சீனாவோடு இல்லை, உன்னோடு என்று அவருக்கு எப்படிச் சொல்ல? நீ நம்பிய நாடுதான், தம்பி, உன் பெட்டியிலிருந்து கொடியை எடுத்தது. நான் சொன்னது சரியாய்ப் போனதில் எனக்கு என்ன கிடைத்தது?

இப்போதைய செய்தி இதுதான். அட்டையைப் புதுப்பிக்க நேரில் வா என்று காபூலில் உன் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் போகவில்லை. குடும்பத்தோடு வீடு மாறிவிட்டான். கடைசிக் குரல்செய்தியில் பின்னால் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. அவர்களை அங்கிருந்து எடுப்பிக்கச் சொல்லி இங்கே எம்.பி.யின் அலுவலகத்தில் கேட்டால், கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளியும் நானும் உன் மகளும் போகிறோம். அவர்கள் சலித்துப் போகட்டும். நான் சலிக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தில் உன் பெயர் இல்லை, உன் ஊர் இல்லை. என்னைக் கொண்டு உன்னைக் கண்டுபிடிக்கலாம் என்பதால் என் பெயரும் இல்லை. பெயரை மறைத்து வாழமாட்டேன் என்று சொல்லித் திரிந்தவன் நீ. உன் தம்பியும் பிள்ளைகளும் பயமில்லாத ஒரு மண்ணில் கால் வைக்கிற அன்று, இதை உன் முழுப் பெயரோடு மறுபடி எழுதுவேன். அதுவரை பெயரில்லாமலே கிட. கோபித்துக்கொள். நான் மாற மாட்டேன்.

கடைசிவரை உன்னோடு ஒத்துப்போகாத,
உன் அண்ணன்