சாய்ந்த ஜன்னலின் நான்கு மூலைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், அது எவ்வளவு தூரம் உண்மை என்று அறியத்தான் இந்தக் கடிதம்.

உன் தோழியின் அறை ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது, கடைக்காரர் நான்கு மூலைக்கும் கோணம் கேட்கிறார், மேல் மூலை இரண்டும் எட்டவில்லை என்று எழுதியிருந்தாய். கோணமானி இல்லாமலே, நம் கடையில் செய்வதுபோல கீழ்ப்பக்கத்துச் சின்ன மூலையைச் செய்தித்தாளில் வெட்டி, அதைப் பெரிய மூலைக்குள் இரண்டு தடவை வைத்ததாகவும், மிச்ச இடத்தில் மூலைமட்டத்தின் முப்பது டிகிரி முனை கச்சிதமாக உட்கார்ந்ததாகவும் சொன்னாய். கண்ணாடிக்காரன் மகள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். சின்ன மூலையை எக்ஸ் என்று வைத்தேன். பெரியது இரண்டு எக்ஸும் முப்பதும். எதிரெதிர்ப் பக்கங்கள் இணை என்கிறாய், அப்படியானால் அது இணைகரம், அடுத்தடுத்த மூலைகள் சேர்ந்தால் நூற்றெண்பது. ஆக மூன்று எக்ஸும் முப்பதும் நூற்றெண்பது, மூன்று எக்ஸ் நூற்றைம்பது, எக்ஸ் ஐம்பது. பெரிய மூலை நூற்றுமுப்பது. எட்டாத மூலைகளுக்கு ஏணி வேண்டாம், எதிர் மூலைகள் சமம்.

கணக்கு முடிந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது. முப்பது வருஷத்தில் நான் இப்படிச் சாய்த்து வெட்டிய கண்ணாடியெல்லாம் மாடிப்படி ஓரத்துக்குத்தான். நிமிர்ந்த சட்டத்துக்கும் சாய்ந்த சட்டத்துக்கும் நடுவில் ஐம்பது என்றால் படி நாற்பது டிகிரி ஏறுகிறது. அவ்வளவு செங்குத்தான படியைப் பின்வாசலுக்கும் சாமான் அறைக்கும்தான் கட்டுவார்கள். உன் தோழி படிக்கட்டிலா குடியிருக்கிறாள்? அதிலும் தலைமாட்டில் காற்று விர்ரென்று வருகிறது என்று உன்னையறியாமல் எழுதிவிட்டாய். யார் தலைமாட்டில்? போன மாதம் உன் அறை லிஃப்ட் உள்ள கட்டடம், மூன்றாவது மாடி என்றாய். போனில் பேசும்போதெல்லாம் உன் தலைக்கு மேலே யாரோ தடதடவென்று இறங்குகிறார்கள், கேட்டால் மேல்வீட்டுக் குழந்தைகள் என்கிறாய். அதென்ன, அந்தக் குழந்தைகள் எந்நேரமும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன? அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை. அவள் தையல்கடை அக்காவிடம், "எம் பொண்ணு ரூமுக்கு லிஃப்ட்லதான் போறா" என்று சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். என் முகம் மாறியதைப் பார்த்து, "லெட்டர்ல என்னங்க போட்டிருக்கா" என்று கேட்டாள். கணக்குதான் என்று சமாளித்தேன்.

திட்டுவதற்கு எழுதவில்லை. நானும் உன் வயதில், வேலை கற்ற கடையின் படிக்கட்டுக்கு அடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, காற்றோட்டமான அறை கிடைத்தது என்று வீட்டுக்கு எழுதினவன்தான். என் அப்பா நம்பினார், கடைசிவரை நம்பினார். நான் நம்புவதாக இல்லை.

கண்ணாடி வரும்வரை அட்டை வைத்து மூடு, உடைந்த சில்லை வெறுங்கையால் எடுக்காதே, போனில் நடுநடுவே கேட்கிற அந்த இருமலை டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கு. கோணத்தை மட்டும் வைத்துக் கண்ணாடி வெட்ட முடியாது, ஜன்னலின் இரண்டு பக்க நீளத்தையும் அளக்க வேண்டும். அப்படியே நீ படுக்கிற இடத்தின் நீளம், அகலம், தலைக்கு மேல் உயரம் மூன்றையும் அளந்து எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு நானே வந்து அளப்பேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

உன்னை நம்பாத, உன்மேல் உயிரையே வைத்திருக்கிற,
அப்பா