ஆறாம் நம்பர் மெஷினின் பதில்

1986 ஆகஸ்ட் 4, திங்கள், சிங்கப்பூர்
காலையிலேயே மழை. பூன் லேயில் பஸ் ஏறுவதற்குள் செருப்பு ஊறிவிட்டது. ஞாயிறு சர்ச் பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டில் வாங்க: மெழுகுவர்த்தி, மஞ்சள் தூள், என் வீட்டுக்காரர் படத்துக்கு மாலை.

பேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்தாச்சு. எங்கள் வரிசையில் எட்டு மெஷின், சிப்புக்குத் தங்கக் கம்பி ஒட்டுபவை. எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்துவிட்டார்கள். என்ஜினியர் தேவன் சொன்னார்: "கம்ப்யூட்டர் 'இருக்கியா'ன்னு கேக்கும்க்கா. மெஷின் 'இருக்கேன்'னு சொல்லணும். நூறு தடவை கேட்டு, எவ்வளவு சீக்கிரம் பதில் வருது, எத்தனை தவறுதுன்னு பாக்கணும்." வேலையோடு வேலையாக, பதில் வரும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுவது என் பொறுப்பு.

பக்கத்து மெஷின் பாத்திமா: "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஒயர் போடுங்க லா. நாலு தடவை கூப்பிட்டாதான் திரும்புறாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

5, செவ்வாய்
வெயில். ஆறாம் நம்பர் தேறவில்லை. நூறில் முப்பத்தொன்றுக்குப் பதில் இல்லை. மற்றவை ஒன்று, இரண்டு. தேவன்: "வெள்ளி வரைக்கும் டெஸ்ட். அப்பவும் பேசலன்னா இத ஸ்கிராப்புல போட்டுடுவாங்க."

ஆறு, என் வீட்டுக்காரர் ரிப்பேர் பார்த்த மெஷின். வந்த நாளிலிருந்து. மூடியின் உள்பக்கம் அவர் கையெழுத்து, எனக்காகப் பெரிய எழுத்தில்: ஒரு தட்டு சிப் முடிந்ததும் துடை. வருகிற ஞாயிறோடு அவர் இறந்து ஒரு வருஷம்.

ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலிலிருந்தே கேட்பார், "மேரி, இருக்கியா?" "எங்க போயிடப் போறேன்" என்பேன், அடுப்படியிலிருந்து. சில நாள் அதுகூடச் சொன்னதில்லை. கையில் வேலை இருக்கும்.

6, புதன்
இன்றும் நூறில் இருபத்தெட்டு தவறின. தேவன் தாளையே பார்த்துக்கொண்டு: "அதிசயமா இருக்குக்கா. நீங்க டீ குடிக்கப் போனீங்கள்ல, அந்த நேரத்துல நான்தான் கோடு போட்டேன், ஒண்ணுகூட தவறல."

சுருக்கென்றது. ஒவ்வொரு தட்டுக்கும் மூடியைத் திறந்து துடைக்கிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஷிப்ட் முடியும்போது. மூடி திறந்தால் மெஷின் நிற்கும். பதிலும் நின்றுவிடுமோ?

வாயைத் திறக்கவில்லை. சொன்னால் துடைக்காதே என்பார்கள்.

மீன் வாங்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

7, வியாழன்
சொல்லிவிட்டேன். "தம்பி, மெஷின்ல கோளாறு இல்ல. என் கையிலதான்."

துடைக்கிற துணியைக் காட்டினேன். மூடியைத் திறந்து எழுத்தைக் காட்டினேன். தேவன் குனிந்து வாசித்தார். "மூடி திறந்திருந்தா அது பதில் சொல்லாதுக்கா. நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும். நாளைக்கு மட்டும் தொடாம இருங்க."

நாளைக்கு மட்டுமா?

8, வெள்ளி
துணி பைக்குள். தட்டு முடியும்போதெல்லாம் கை தானாக மூடிக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். கோடு, கோடு, கோடு. நூறுக்கு நூறு.

பாத்திமா கத்தினாள்: "மேரிக்கா, உங்க ஆறு சரியான வாயாடி லா!"

ஆறு ஸ்கிராப்புக்குப் போகாது; இங்கேயே இருக்கும். இனி ஷிப்ட் முடிவில் ஒரு தரம் துடைத்தால் போதுமாம்.

துணி வீட்டுக்கு வந்துவிட்டது, எண்ணெய் வாசனையோடு. துவைக்கப் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது சத்தமாகவே சொன்னேன், "இருக்கேங்க."