லேபிள் கழன்ற போர்தோ பாட்டில்

என்றும் என் அன்புக்குரிய உங்களுக்கு,

துபாய் தேராவில் நாங்கள் நலம். நம் பிள்ளை செந்தில் டியூட்டிக்குப் போயிருக்கிறான். ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், கோபிக்காமல் கேளுங்கள்.

ஹோட்டலில் இருபது வருடம் ஒயின் அறையைக் காத்தும், முருகனுக்குக் கொடுத்த வாக்குப்படி ஒரு சொட்டு தொட்டதில்லை நீங்கள். ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் கொடுத்த பழைய சிவப்பு ஒயினை, கார்க் காயக்கூடாதென்று அலமாரியில் படுக்க வைத்தீர்கள். "பிரான்சுல போர்தோன்னு ஊரு. மண்ணைவிடக் கூழாங்கல்லுதான் அதிகம். அதான் கொடி தண்ணி தேடி ஆழமாப் போகுது, நம்மளாட்டம்" என்றீர்கள். கணக்கு நோட்டில் அதையும் பென்சிலால் எழுதி வைத்தேன். அந்த ஒயினில் பென்சில் சீவின வாசனை வரும் என்று நீங்கள் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

நீங்கள் இல்லாத இந்த ஆயுத பூஜைக்கு உங்கள் கார்க் திருகியைத் துலக்கினேன். பாட்டிலைத் தூசியோடு வைப்பதா? சோப்பு நீரில் ஊறப் போட்டேன். கண்ணாடி பளபளத்தது. லேபிள் தண்ணீரில் மிதந்தது.

மறுவாரமே உங்களோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து யோகன் தம்பி வந்தார். உங்கள் பெயர் எழுதி, அந்தப் பாட்டிலை ஹோட்டல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். எடுத்துக் காட்டினேன்.

"ஐயோ அக்கா, சேர்த்து வைக்கிற ஆக்களுக்கு அந்தத் தூசிதான் நகை. லேபிள் இல்லாட்டி இது ஆரின்ர பிள்ளையெண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"இப்ப என்ன செய்யறது தம்பி?"

"குடிக்கலாம். அதுக்குத்தானே செய்தவங்கள்."

உங்கள் பெயரை நானே கழுவி விட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு, திறந்து குடிக்கவே வாருங்கள் என்று யோகன் தம்பியைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஆகாது என்று சனிக்கிழமை வைத்தேன். யோகனும் உங்கள் கூட்டாளிகள் மூவரும் உங்கள் திருகியாலேயே திறந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்கள்.

"அண்ணை இருந்தால், கிளாசை இப்பிடிப் பிடிக்காதையடா எண்டு கையில தட்டியிருப்பார்" என்றார் யோகன். அப்புறம் ஆளுக்கொரு கதை, எல்லாம் உங்களைப் பற்றி. செந்தில் இவ்வளவு சிரித்து நான் பார்த்து எத்தனை நாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருந்தால் இந்தப் பேச்செல்லாம் கிடைத்திருக்குமா?

நான் கிளாசை முகர்ந்து மட்டும் பார்த்தேன். பென்சில்தான். என் நோட்டின் வாசனை.

காலி பாட்டிலைத் திரும்பக் கழுவினேன். கழுவுவதில்தான் எனக்குப் பெயராயிற்றே. இப்போது அதில் விளக்குக்கு நல்லெண்ணெய் இருக்கிறது. முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் இல்லாத உங்கள் பெயரை, இத்தனை வருடம் நான் வாயால் சொல்லாத பெயரை, இனி தினமும் சாயங்காலம் எண்ணெய் ஊற்றும்போது ஒரு முறை சொல்வேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
செந்திலின் அம்மா