மஞ்சளான நூல்பாசி

அன்புள்ள அப்பாவுக்கு,

இண்டூரில் மழை உண்டா? முட்டிவலி குறைந்ததா? சுவீடன் குளிரிலும் நான் நலமாக இருக்கிறேன்.

"பாசியப் போயி யாராச்சும் படிப்பாங்களாம்மா?" என்றீர்களே, போன வாரம் அந்தப் பாசி பயமுறுத்திவிட்டது. தழைச்சத்து இல்லாத தண்ணீரில் விட்டதும் மஞ்சளாகிவிட்டது. செத்துவிட்டதென்று கொட்டப் போனேன், மனசு வரவில்லை. மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பத்துச் செல்லுக்கு ஒன்று வெளிறித் தடித்திருந்தது. காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்து மற்ற செல்களுக்குக் கொடுப்பது அதுதான். இப்போது குடுவை முழுக்கப் பச்சை! நம் நெல்வயலுக்கும் ஒருநாள் உதவும்.

அந்தச் செல் மட்டும் தனக்கென்று சமைக்காது. பக்கத்துச் செல்கள்தான் சர்க்கரை கொடுத்துக் காப்பாற்றும்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. இருந்தாலும் அம்மாவிடம் சொல்லி எள்ளுருண்டை அனுப்புங்கள், கொஞ்சம் அதிகமாகவே.

லேபுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கோகிலவாணி